மூன்றாம் ஓலைக்கு முன் ஒரு ஆட்சேபணை

சேசு மரி சூசை துணை

ஆவடி குவார்ட்டர்ஸ்,
ஜனவரி 1993, செவ்வாய்க்கிழமை மத்தியானம்.

வந்தனைக்குரிய பங்குத்தந்தை மரியநாயகம் சாமி அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் பங்கைச் சேர்ந்தவனும் உறவு முறையில் தங்களுக்குச் சித்தப்பாவுமாகிய பாஸ்கல், மிகுந்த தாழ்மையோடும் அதே அளவு மனக்கொதிப்போடும் எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையால் நானும் தங்கள் சித்தி லூர்தம்மாளும் தங்கை ஹில்டாவும் சரீர சுகத்தோடு இருக்கிறோம். மன சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். தங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சித்தி கொடுத்தனுப்பிய தைலத்தைத் தாங்கள்தான் தேய்த்துக்கொள்கிறீர்களா, இல்லை உபதேசியார் தேய்த்துக்கொள்கிறாரா? அவர் நேற்று என்னைவிட வேகமாக நடந்து போனதைப் பார்த்தேன்.

ஐந்து நிமிஷம் நடந்தால் சாமியார் பங்களா வந்துவிடும், நேரில் வந்து சொல்லாமல் இவர் ஏன் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று தாங்கள் நினைக்கலாம். முப்பத்தைந்து வருஷமாக பாக்டரியில் இருக்கிறவன் நான். (எந்த பாக்டரி என்று எழுத மாட்டேன், ரகசியச் சட்டம் இருக்கிறது.) வாயால் சொன்ன புகாரை எவனும் மதிக்க மாட்டான், எழுத்தில் கொடுத்தால்தான் நம்பர் போடுவான். மேலும் நேரில் வந்தால் நீங்கள் காபி கொடுப்பீர்கள், காபி குடித்தால் எனக்குக் கோபம் போய்விடும். இன்னொன்று, இந்தக் கடிதத்தில் தங்களை ‘தாங்கள்’ என்றுதான் எழுத உத்தேசம். நடுவில் ‘நீ’ என்று வந்துவிட்டால் அது குருப்பட்டத்துக்குச் செய்த அவமரியாதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். டவுசர் கிழிந்து என் சைக்கிளில் முன்னாடி உட்கார்ந்து வந்த பையனை என் வாய் இன்னும் மறக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு இரண்டாம் பூசையில் தாங்கள் பீடத்தில் நின்று, ஆவடி பாஸ்கல் லூர்தம்மாள் மகள் ஹில்டாவுக்கும் பூந்தமல்லி அந்தோணிமுத்து மகன் ஜேசுராஜுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, இது இரண்டாம் ஓலை, தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று வாசித்தீர்கள். முதல் ஓலை வாசித்தபோதும் சரி, இரண்டாம் ஓலை வாசித்தபோதும் சரி, நான் புதுச்சட்டை போட்டுக்கொண்டு முன் பெஞ்சில் உட்கார்ந்து, எவனாவது பொறாமையில் எழுந்திருக்கிறானா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. இப்போது தெரிகிறது, தடை தெரிந்தவன் நான்தான். தெரிந்தும் மறைத்தால் பாவம். பெண்ணைப் பெற்றவனே தடை சொல்லலாமா என்று திருச்சபைச் சட்டத்தைப் பார்த்துச் சொல்லவும். ‘தடை தெரிந்தவர்கள்’ என்றுதான் தாங்கள் வாசித்தீர்கள், ‘பெண்ணின் அப்பா நீங்கலாக’ என்று வாசிக்கவில்லை. வரப்போகும் ஞாயிறு மூன்றாம் ஓலையைத் தயவுசெய்து நிறுத்தி வைக்கவும்.

தடை என்னவென்றால், மாப்பிள்ளை கெட்ட வார்த்தை பேசுகிறார். அதுவும் இங்கிலீஷில். அந்த வார்த்தையைக் கீழே ஒரே ஒரு இடத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன், படித்ததும் ரப்பர் போட்டு அழித்துவிடவும். ப்ளடி. அழித்துவிட்டீர்களா? நல்லது. இனிமேல் ‘அந்த வார்த்தை’ என்றே எழுதுகிறேன்.

இதென்ன பெரிய வார்த்தை என்று நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. ரோமாபுரி வரைக்கும் போய்ப் படித்தவருக்கு அது சாதாரணமாக இருக்கலாம். ஆனால் அந்த வார்த்தைக்காக ஒரு பாக்டரியே ஒரு வாரம் நின்றது சாமி! அறுபத்தேழில், நீ நாலாவது அஞ்சாவது படித்துக்கொண்டிருப்பாய். எங்கள் ஷாப்பில் வேம்புலி என்று ஒருத்தன் இருந்தான், மண்ணூர்பேட்டைக்காரன், துளை போடுகிற மெஷினில் வேலை. அவன் வாயைத் திறந்தால் கஸ்மாலம், சோமாறி, பேமானி, இது இல்லாமல் ஒரு வாக்கியம் வராது. என்னை அவன் காலையில் குட்மார்னிங் சொல்லுவதே “இன்னாடா கஸ்மாலம், துன்ட்டியா?” என்றுதான். நாங்கள் யாரும் கோபித்துக்கொண்டதில்லை, அவன் திட்டாத நாளில் உடம்பு கிடம்பு சரியில்லையோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்போம். அப்பேர்ப்பட்டவனிடம் ஒருநாள், துளை போடுகிற பிட் உடைந்துபோனதற்காக, ஒர்க்ஸ் மேனேஜர் வந்து அந்த வார்த்தையையும் அதற்குப் பின்னால் ‘ஃபூல்’ என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனார். மேனேஜர் ஒன்றும் வெள்ளைக்காரர் இல்லை. வெள்ளைக்காரன் போகும்போது போட்டுவிட்டுப் போன இங்கிலீஷைப் பொறுக்கிக்கொண்ட நம்மாள்தான்.

“இன்னா சொல்லிகினு போறான் அந்தாளு?” என்று வேம்புலி கேட்டான். ஃபூல் எங்களுக்குத் தெரியும். முன்னால் வந்தது யாருக்கும் தெரியவில்லை. சங்கச் செயலாளர் கஜபதி அண்ணன் டிக்‌ஷனரி வைத்திருந்தார். பார்த்தார். அந்தக் காலத்து மேடைத் தமிழ் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு, நிமிர்ந்து நின்று, “இரத்தம் தோய்ந்த மூடன் என்று நம் தோழரை இழித்துரைத்திருக்கிறான்” என்றார். வேம்புலிக்கு மூடன் என்றதெல்லாம் காதில் ஏறவில்லை. “ரத்தமா? யாரு ரத்தம்? எங்காத்தா ரத்தத்தையா இஸ்துப் பேசுறான்?” என்று கேட்டுக்கொண்டே நேராக மேனேஜர் ரூமுக்குப் போனான், மேஜை மேல் இருந்த அவருடைய தொப்பியை எடுத்தான், இரும்பைக் காய்ச்சி முக்குகிற எண்ணெய்த் தொட்டியில் போட்டான். அவ்வளவுதான். அவனை சஸ்பெண்ட் செய்தார்கள், நாங்கள் கருவியைக் கீழே வைத்தோம். உங்க சித்தி அப்போது ஹில்டாவை வயிற்றில் வைத்துக்கொண்டு கஞ்சி குடித்தாள், ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.

கடைசியில் ராஜி ஆனது. மேனேஜர் ஷிப்ட் விடுகிற நேரத்தில் கேட்டில் நின்று, வெறுந்தலையோடு, மூன்று தடவை வார்த்தையை வாபஸ் வாங்க வேண்டும். இதில் ஒரு சிக்கல் வந்தது. வாபஸ் வாங்க வேண்டுமானால் எந்த வார்த்தையை வாபஸ் வாங்குகிறோம் என்று சொல்லித்தானே ஆகவேண்டும்? ஆக, ஒரு தடவை திட்டிய மனுஷன் வாபஸ் வாங்குவதற்காக ஆயிரம் பேர் முன்னால் இன்னும் மூன்று தடவை திட்டினார். ஆனால் திட்டின மாதிரியா இருந்தது? முகம் செங்கல் மாதிரி சிவந்துபோய், கை நடுங்கி, இரண்டாம் தடவை தொண்டை அடைத்துத் தண்ணீர் கேட்டார். வேம்புலி கையைக் கட்டிக்கொண்டு நின்றவன், மூன்றாவது தடவை வருவதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வுடுப்பா, போதும். பாவமா கீது” என்று போய்விட்டான். அவனுக்கு ஒரு இன்க்ரிமென்ட் வெட்டினார்கள், கடைசிவரை திருப்பித் தரவே இல்லை. ரிட்டையர் ஆகி, போன வருஷம் செத்தும் போனான்.

அந்த ராஜியில் இன்னொரு ஷரத்தும் இருந்தது. இன்னின்ன வார்த்தைகளை அதிகாரிகள் தொழிலாளர் மேல் பிரயோகிக்கக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்ட வேண்டும். ராஸ்கல், இடியட், டேம், ஸ்டுப்பிட் எல்லாம் உடனே ஒத்துக்கொண்டார்கள். ‘நான்சென்ஸ்’ மட்டும் இரண்டு நாள் இழுத்தது. அது வசவு இல்லை, அபிப்பிராயம் என்றார்கள் நிர்வாகத்தார். கடைசியில், செய்த வேலையைச் சொல்லலாம், செய்த ஆளைச் சொல்லக் கூடாது என்று முடிவானது. வெறும் ‘ஃபூல்’ என்பதை ஏப்ரல் முதல் தேதி ஒருநாள் மட்டும் அனுமதித்தோம். எல்லாவற்றையும் தமிழிலும் இங்கிலீஷிலும், பொருளோடு, பாக்டரி கேட்டிலும் குவார்ட்டர்ஸ் ரேஷன் கடைப் பக்கத்திலும் ஒட்டினார்கள். அதை எழுத்துக்கூட்டி முதலில் வாசித்துக் காட்டியவன் நான்தான், பெருமையாகத்தான் வாசித்தேன்.

அதற்கப்புறம் நடந்ததைச் சொன்னால் உனக்குச் சிரிப்பு வரும், எனக்கு வரவில்லை. அதுவரைக்கும் குவார்ட்டர்ஸில் ஒருத்தருக்கும் தெரியாத வார்த்தையெல்லாம் ரேஷன் கடை க்யூவில் நின்ன பொம்பளைங்களுக்கு மனப்பாடம் ஆயிடுச்சு. மண்ணெண்ணெய் வர்ற வரைக்கும் படிக்க வேற என்ன இருக்கு அங்க? எழுபத்தஞ்சுல பசங்க கிரிக்கெட் ஆடும்போது அம்பயரை ராஸ்கல்னாங்க. அப்புறம் எதிர்வீட்டு வனஜா அவ புள்ளைக்குச் சோறு ஊட்டும்போது, “அடி என் ராஸ்கல் குட்டி, ஆ காட்டு”ன்னா. எந்த வார்த்தைக்காக நாங்க கஞ்சி குடிச்சோமோ அந்த வார்த்தையில குழந்தைக்கு முத்தம் கொடுக்கிறா! ‘இடியட்’ இருக்கே, அது இப்ப காலேஜ் பொண்ணுங்க செல்லமா சொல்றது. சொல்லாட்டி அந்தப் பையன் சோறு தண்ணி இல்லாம கிடக்கிறானாம். நான்சென்ஸுன்னு பால்காரனே பசுமாட்டைச் சொல்றான். அதே நேரத்துல நல்ல வார்த்தையெல்லாம் அந்தப் பக்கம் போயிடுச்சு. டிராயிங்குல ‘ஃபிகர்’னு நாங்க சொன்னா அது படம். இப்ப பஸ் ஸ்டாண்டுல அந்த வார்த்தையைச் சொன்னா செருப்பு பறக்குது. எவனாவது நாலு வரி இங்கிலீஷ் பேசினா ‘பீட்டர் விடறான்’னு கேலி பண்றானுங்க. நம்ம இராயப்பர் பேரு சாமி அது! மோட்சத்துச் சாவி வச்சிருக்கிறவர் பேரு! இதைப் பத்தி நீங்க ஒரு பிரசங்கம் வைக்கணும்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கிட்டேன். அந்த ஒரு வார்த்தை மட்டும் என் வீட்டு வாசப்படி ஏறாதுன்னு நம்பிக்கிட்டு இருந்தேன். போன ஞாயிறு, நீங்க இரண்டாம் ஓலை வாசிச்ச அன்னைக்கே ஏறிடுச்சு. சாயங்காலம் நாலு மணிக்கு எங்களுக்குத் தண்ணி வரும். நான் பாத்ரூம்ல பக்கெட்டைக் குழாய்க்குக் கீழ வச்சிட்டு, தலைக்கு சோப்பு போட்டுக்கிட்டு நிக்கிறேன். மாப்பிள்ளை மத்தியானமே வந்து, கல்யாணப் புடவைக்கு ரவிக்கை அளவு கொடுக்கணும்னு ஹில்டாவை ஸ்கூட்டர்ல அம்பத்தூருக்குக் கூட்டிட்டுப் போயிருந்தாரு. திரும்பி வந்த சத்தம் கேட்டுச்சு, கேட் திறந்த சத்தம் கேட்டுச்சு, அப்புறம் தண்ணி சத்தத்தையும் மீறி வாசல்லேர்ந்து அந்த வார்த்தை வந்துச்சு. பின்னாலேயே ‘இடியட்’டும் வந்துச்சு. நோட்டீஸ்ல இருந்த ரெண்டு வார்த்தை, ஜோடியா! இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு என் காதுல விழுது. கஜபதி அண்ணனுக்குக் கேட்டிருந்தா அங்கேயே மயக்கம் போட்டிருப்பார். நான் தலையில சோப்போடயே துண்டைக் கட்டிக்கிட்டு வெளியே வந்தேன். ரெண்டு பேரும் வேர்த்துக் கொட்டி, சிரிச்சிக்கிட்டு நிக்கிறாங்க.

மாப்பிள்ளை மண்ணூர்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில சூப்பர்வைசர்னு உங்களுக்குத் தெரியும். சூப்பர்வைசர்னா நிர்வாகம். நிர்வாகத்துப் புத்தி எங்கே போகும்? உடனே விசாரணை வச்சேன். இரும்பு நாற்காலியில நான் உட்கார்ந்தேன், அவரை நிக்க வச்சேன். லூர்தம்மாளைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன், அடுப்புல சாம்பார் இருக்கு, இங்கேர்ந்தே கேக்குறேன்னுட்டா.

“கொஞ்சம் முன்னாடி இந்த வாசல்ல ஒரு வார்த்தை சொல்லப்பட்டிருக்கு. மறுக்கிறீங்களா?”

“எந்த வார்த்தை அங்கிள்?”

“அதை என் வாயால சொல்ல மாட்டேன். இங்கிலீஷ்ல ரெண்டாவது எழுத்து.”

அவர் யோசிச்சாரு. “பிரேக்கா அங்கிள்? பிரேக் ஒயர் லூசாத்தான் இருக்கு.”

“பிரேக் இல்ல.”

“பெட்ரோல்? அதான் தீர்ந்துபோச்சு. திருமுல்லைவாயில்லேர்ந்து தள்ளிக்கிட்டே வந்தோம்.”

“அது பதினாறாவது எழுத்து. நான் கேட்டது ரெண்டாவது.”

“பிஸ்கட்?” அப்படீன்னாரு. பாவி மனுஷன் நெசமாவே யோசிச்சிக்கிட்டு நின்னாரு.

“ப்ளடியா?”ன்னு சமையல் கட்டுலேர்ந்து ஒரு குரல் வந்துச்சு. உங்க சித்தி! ஜெபமாலையைத் தவிர வேற எதையும் உச்சரிக்காத வாய்! அவ்வளவு சுத்தமா, மேனேஜரே தோத்துப் போகிற மாதிரி சொன்னா. இது உனக்கு எப்படிடீ தெரியும்னேன். “ரேஷன் கடை நோட்டீஸ்ல ரெண்டாவதா இருந்துச்சே”ன்னு சொல்லிட்டு சாம்பாருக்கு உப்புப் போடப் போயிட்டா. (அவ சொன்னதையும் மறந்து பேனாவுலேயே எழுதிட்டேன். ரப்பர் வேலைக்கு ஆகாது, பிளேடு வச்சுச் சுரண்டிடுங்க.)

அப்பத்தான் மாப்பிள்ளை ஹில்டாவைப் பார்த்தாரு. ஹில்டா தரையைப் பார்த்தா. “அப்பா, அது வந்து...”ன்னு அவ ஆரம்பிச்சா, அவர் “இரு ஹில்டா”ன்னு கையைக் காட்டி நிறுத்திட்டு, “ஆமா அங்கிள், நான்தான் சொன்னேன். தப்புதான்”னாரு. பொண்ணைப் பேசவே விடலை, பாத்துக்க! ஹில்டா அதோட விட்டாளா, ஸ்கூல்ல அவளோட யு.கே.ஜி. பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரியே எனக்கும் சொல்றா: “அப்பா, அதுக்கு ரத்தம்னெல்லாம் அர்த்தம் இல்லப்பா. ‘ரொம்ப’ன்னு அர்த்தம். ரொம்ப சூடா இருக்கு, ரொம்ப லேட் ஆயிடுச்சு, அந்த மாதிரி. இப்ப எல்லாரும் சொல்றாங்க.” ரொம்பவா? ‘ரொம்ப’வுக்காகவா வேம்புலி இன்க்ரிமென்ட் போச்சு? ‘ரொம்ப’வுக்காகவா உங்கம்மா உன்னை வயித்துல வச்சிக்கிட்டு கஞ்சி குடிச்சா? வார்த்தைன்னா அது சொல்றவன் வாயில இருக்கிறதில்ல, கேக்கிறவன் வயித்துல போய் விழறது. அன்னைக்கு வேம்புலி வயித்துல விழுந்தது ‘ரொம்ப’ இல்ல.

சரி, பாக்டரி முறைப்படி வாபஸ் வாங்கணும்னு தீர்ப்புச் சொன்னேன். கேட்டுல நின்னு, ஹெல்மெட் இல்லாம, மூணு தடவை. ஞாயித்துக்கிழமை டி.வி.யில படம் ஆரம்பிக்கிறதுக்கு முந்தின நேரம், தெருவே நாற்காலி போட்டு வாசல்ல உட்கார்ந்திருக்கு. அவர் மறுப்பாருன்னு நினைச்சேன். மறுக்கணும்னு கூட ஆசைப்பட்டேன், ஒரு ரோஷம் இருந்தா அதையாவது மதிச்சிருப்பேன். மனுஷன் பேசாம போய் நின்னாரு, கைய கட்டிக்கிட்டாரு, வனஜா வீட்டுப் பக்கம் பார்த்து, வார்த்தையைச் சொல்லி, வாபஸ் வாங்குறேன், வாபஸ் வாங்குறேன்னு மூணு தடவை கணீர்னு சொன்னாரு. சொல்லும்போது என்ன பண்ணாரு தெரியுமா? சிரிச்சாரு! முகம் சிவக்கல, கை நடுங்கல, தண்ணி கேக்கல. டீக்கடையில ‘ரெண்டு டீ, ஒண்ணு சர்க்கரை கம்மி’ன்னு சொல்ற மாதிரி சொல்லிட்டு உள்ள வந்துட்டாரு. ஹில்டா ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. தெருப் பிள்ளைங்க அந்த வார்த்தையைப் பிடிச்சிக்கிட்டு, இன்னைக்கு வரைக்கும் ஓடிப்பிடிச்சு விளையாடும்போது அதைத்தான் கத்துதுங்க, ‘வாபஸ்’ஸையும் சேர்த்து.

இப்பக் கேளு மரியநாயகம், இதுதான் என் ஆட்சேபணை, இதுக்குத்தான் ஓலையை நிறுத்தச் சொல்றேன். வார்த்தை தேயும், எனக்குத் தெரியாதா? அரம் தேயுது, செருப்பு தேயுது, நானே தேஞ்சு வர்ற மார்ச்சுல ரிட்டையர் ஆகப் போறேன். ஆனா அந்த மேனேஜர் கெட்டவன்தான், அவனுக்குக் கூட தான் சொன்னது என்னன்னு கேட்டுல நிக்கும்போது உறைச்சுது. இவருக்கு உறைக்கல. அந்த வார்த்தை கனக்காத ஆளுக்கு எந்த வார்த்தை கனக்கும்? நாளைக்கு என் பொண்ணு பூந்தமல்லியில, தெரியாத வீட்டுல, தெரியாத சனங்களுக்கு நடுவுல நின்னு, எனக்கு மனசு கஷ்டமா இருக்குங்கன்னு சொன்னா, அதையும் இவர் இப்படித்தான் சிரிச்சிக்கிட்டே கேப்பாரா? அவ ஒருத்திதான் எனக்கு. அவளை ஒரு தடவை கூட நான் ‘சனியனே’ன்னு சொன்னதில்ல. பயமா இருக்குடா. ரெண்டு நாளா தூக்கமே இல்ல. உங்க சித்தி, “உங்க பாக்டரி வார்த்தையைக் கொண்டாந்து எம்பொண்ணு கல்யாணத்துல கலக்காதீங்க”ன்னு சொல்லிட்டு என்கூடப் பேசறதையே நிறுத்திட்டா. ஹில்டாவும் சரியாப் பேசல. வீட்டுல இப்ப பேசறது குழாய் ஒண்ணுதான், அதுவும் நாலு மணிக்குத்தான்.

ஆகவே, மேற்கண்ட காரணங்களை முன்னிட்டு, மூன்றாம் ஓலையைத் தாங்கள் வாசிக்காமல் நிறுத்திவைத்து, தபசு காலமும் ஈஸ்டரும் கழிந்து நிதானமாக யோசிக்க எனக்கு அவகாசம் தருமாறு தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறேன். பூந்தமல்லிக்காரர்களுக்கு எப்படிச் சொல்வது என்பதைத் தாங்களே யோசித்துச் சொல்லிவிடவும், எனக்கு அந்தத் தைரியம் இல்லை. பூசையில் எங்களை நினைத்துக்கொள்ளவும். முழங்காலுக்குக் குளிர்ந்த தண்ணீர் ஆகாது. உங்கள் குருத்துவமும், உங்களைப் பெற்ற என் அண்ணனின் ஆத்துமமும், தெரியாமல் பாவம் செய்யும் சூப்பர்வைசர்களும் ஆண்டவர் சன்னிதியில் இளைப்பாற்றி பெறட்டும். ஆசீர்வாதம் கேட்கும், வயதை முன்னிட்டு ஆசீர்வாதம் கொடுக்கவும் செய்யும்,

சித்தப்பா
பாஸ்கல்

பின்குறிப்பு: அதே செவ்வாய், ராத்திரி சாப்பாட்டுக்கு முன்.

மேலே எழுதினது அத்தனையும் வாபஸ். இதைக் கிழிச்சுப் போட்டுட்டு வேற காகிதத்துல எழுதலாமேன்னு நினைக்காதே. கொடுக்கப்பட்ட புகாரைக் கிழிக்கிறது பாக்டரி முறை இல்ல, கீழே வாபஸ்னு எழுதிக் கையெழுத்துப் போடணும், அதான் இது.

கடிதத்தை மடிச்சு வச்சிட்டுக் கவர் ஒட்டக் கஞ்சிப்பசை தேடினேன். ஹில்டா ஸ்கூல் விட்டு வந்தா. மேஜையில உன் பேரைப் பார்த்துட்டு, என்னைக் கூட கேக்காம எடுத்து, நின்னபடியே முழுசும் படிச்சா. படிச்சு முடிச்சு, “அப்பா, அதைச் சொன்னது நான்”னா.

எனக்குப் புரியல. திரும்பக் கேட்டேன். “பெட்ரோல் பார்க்காம கிளம்பினது அவரு. வெயில்ல தள்ளிக்கிட்டு வந்தேன்ல, கேட்டுக்கிட்ட வந்ததும் கோவத்துல நான்தான் அவரை அப்படித் திட்டினேன். அவர் ஒரு வார்த்தை சொல்லலப்பா.” தண்ணி சத்தத்துல எனக்கு வார்த்தைதான் கேட்டுது, யார் குரல்னு தெரியல. சூப்பர்வைசர் ஒருத்தர் நிக்கும்போது என் பொண்ணு சொல்லியிருப்பான்னு எப்படி எனக்குத் தோணும்? அப்ப ஏண்டி அன்னைக்கே சொல்லலேன்னு கத்தினேன். அவ அழுதுட்டா. நான் சொல்ல வந்தேன், அவர்தான் நிறுத்தினாரு, அப்புறம் ரூம் ஜன்னல்கிட்ட வந்து என்கிட்ட ஒண்ணு சொல்லிட்டுப் போனாருன்னா. என்ன சொன்னாருன்னா, “என்கிட்ட அவருக்குக் கோவம்னா கல்யாணத்துக்கப்புறம் சரியாயிடும். உன்கிட்ட கோவம்னா பேசாம இருந்துடுவாரு. நீ இந்த வீட்டுல இருக்கப் போறதே இன்னும் நாலு வாரம். அதுல ஒரு நாள் கூட உங்கப்பா உன்கூடப் பேசாம போகக் கூடாது.”

நான் அப்படியே உட்கார்ந்துட்டேன் மரியநாயகம். அந்தப் பையன் கேட்டுல நின்னு சிரிச்சது எனக்கு இப்பத்தான் விளங்குது. செய்யாத தப்புக்குத் தெருவே பார்க்க நின்னவன், வாசல்ல நின்னு என் பொண்ணு பார்த்துக் கலங்கறது தெரிஞ்சு, ஒண்ணுமில்லேன்னு அவளுக்குக் காட்டத்தான் சிரிச்சிருக்கான். நான் அதுக்கு ரோஷம் இல்லேன்னு பேர் வச்சேன்.

ஒரு மணி நேரம் முன்னாடி கல்யாணப் பத்திரிகையோட மாதிரியைக் காட்ட மாப்பிள்ளை வந்தாரு. இவ எல்லாத்தையும் எனக்குச் சொல்லிட்டான்னு அவருக்குத் தெரியாது, பயந்துகிட்டே உள்ள வந்தாரு. நான் எழுந்து நின்னேன். மன்னிச்சிடுங்கன்னு சொல்லலாம்னு வாயைத் திறந்தேன், வரல. நாங்க ஒரு வாரம் பட்டினி கிடந்தோமே, அந்த மேனேஜர் வாபஸ்னாரே தவிர ‘சாரி’ங்கிற வார்த்தையை மட்டும் கடைசி வரைக்கும் சொல்லல, அதைக் கேக்கக் கூட கஜபதி அண்ணனுக்குத் தோணல. அது அதிகாரிங்க எங்களுக்குச் சொல்ற வார்த்தை இல்ல. இப்ப பஸ்ஸுல காலை மிதிச்சா சொல்றாங்க, தும்மினா சொல்றாங்க. அதைத்தான் நான் சொன்னேன். “சாரி”ன்னேன். அந்த ஒரு வார்த்தைக்குள்ள என் தொண்டை அடைச்சு, முகமெல்லாம் சுட்டு, நாற்காலியைப் பிடிச்சிக்கிட்டேன். அவர் பதறிப் போய், “லூர்தம்மா அத்தை, தண்ணி கொண்டாங்க”ன்னு கத்தினாரு.

சித்தி பேச ஆரம்பிச்சிட்டா. ஞாயித்துக்கிழமை மூணாம் ஓலையை வாசிச்சிடு சாமி. பொண்ணு வீட்டுக்கு ஆட்சேபணை இல்ல. திட்டு வாங்கினது மாப்பிள்ளைங்கிறதால, அவங்க வீட்டுல யாராவது ஆட்சேபணை சொல்லி எழுதினா மட்டும், காபி கொடுத்து எனக்காகக் கொஞ்சம் பேசிப் பாரு.

இப்படிக்கு,
பாஸ்கல்